கண்கொத்திப் பாம்பும் கொம்பேறி மூக்கனும்

மரத்தில் வாழும் பாம்புகளின் தமிழ்ப் பெயர்களுக்கு நேராக இலத்தீன் பெயர் ஒன்றனை எழுதி அமைவது அகராதி செய்வோர் பலரின் வழக்கம். அம்முறை போதாது என்பதை ஈண்டு இரு பெயர்களைக் கொண்டு ஆராய்வாம்.

முதலாவது கண்கொத்திப் பாம்பு. பசுங்கொடி போல் மெலிந்து நீண்டு, கூரிய மூக்குடன் புதர்களில் வாழும் இதனைப் பச்சைப் பாம்பு என்றும் வழங்குவர். இது கொலுப்ரிடே குடும்பத்தது. மேல்தாடையின் பின்புறத்தே நச்சுப்பல் உடையது. அந்நஞ்சு பல்லி, தவளைகளை அடக்கப் போதுமாயினும் மாந்தரின் உயிரைப் போக்குவதன்று. இதன் பேரினப் பெயராகிய 'அகேதுல்லா' சிங்களச் சொல். கண்ணைக் குத்துவது என்பது பொருள். இரு மொழியாரும் ஓரச்சத்தாலேயே பெயரிட்டனர் எனலாம். எனினும், 1758-இல் லின்னேயசு சிறப்பினப் பெயராக ஆண்ட அதே சொல், இன்று அமெரிக்க வெப்பநாடுகளில் வாழும் வேறொரு பாம்பின்மேல் நிற்கின்றது.

1890-இல் பூலாஞ்சர் நம் நாட்டுப் பாம்பினை 'டிரையோபிசு மிக்டெரிசன்சு' என்றார். 'மிக்டெரிசன்சு' என்பது இன்று மலாய் நாட்டுப் பக்கத்துப் பாம்பொன்றன் பெயர். பின்னர் வழங்கிய 'நசூட்டா' என்பதனையும் 2020-இல் வெளிவந்த ஆய்வு இலங்கைப் பாம்பிற்கே உரியதாக்கிற்று. தென்னிந்தியச் சமவெளிப் பாம்பு 'ஆக்சிரிங்கா' ஆயிற்று. ஆகவே, பழைய குறிப்பைப் படியெடுப்போர் மாணவனை மலாய்க் காட்டிற்கு அனுப்புகின்றனர்.

இரண்டாவது கொம்பேறி மூக்கன். கடித்தபின் மரமேறி நின்று, கடியுண்டவனின் சுடலைப் புகையைக் காணும் என்பது நாட்டார் நம்பிக்கை. அறிவியலார் 'டென்ட்ரலாபிசு டிரிசுடிசு' என்னும் இப்பாம்பிற்கு மாந்தரைக் கொல்லும் நஞ்சு இல்லை. கொம்பேறுவது உண்மை, ஏனையது கதை. பெயரைப் பழித்தல் வேண்டா. கதையையே களைதல் வேண்டும்.

மரவாழ்வும் பச்சை நிறமும் உறவுக்குச் சான்றாகா. மூங்கிற் குழிவிரியனும் பச்சை நிறத்தது, மரத்தில் வாழ்வது. ஆயினும் வைப்பெரிடே குடும்பத்தது, கண்கொத்தியினும் கொடிய நஞ்சுடையது. தமிழ்ப் பெயர் தோற்றத்தையும் செயலையும் குறிக்கும். அறிவியற் பெயர் உறவைக் குறிக்கும். இவ்விரண்டினையும் சமக்குறியிட்டு இணைத்தலே பிழைக்கு வித்து.

இனி அகராதி செய்வோர் வழங்கிடம், நஞ்சின் தன்மை, அறிவியற் பெயர், அதனை எடுத்த நூலின் ஆண்டு ஆகிய நான்கனையும் ஒருங்கே தருதல் வேண்டும் என்பது நம் துணிபு. கதையை நம்பிக் கொம்பேறி மூக்கனை அடித்துக் கொல்வோனும், பச்சைப் பாம்பென்று எண்ணிக் குழிவிரியன்மேல் கைவைப்போனும் சொற்பொருள் அறியாமையாலேயே கெடுகின்றனர். ஆண்டுக் காப்பது அகராதியின் கடன்.