மருந்து உள்ளே போன பிறகு

நர்சிங் மாணவிகளுக்கு மருந்தியல் என்றதும் நினைவுக்கு வருவது டிரக் ஃபைல். மருந்தின் பெயர், வகை, டோஸ், கொடுக்கும் வழி, பக்க விளைவு, செவிலியரின் பொறுப்பு என்று கட்டம் போட்டு, பக்கம் பக்கமாக எழுதி நிரப்ப வேண்டும். கூடவே ‘ஃபைவ் ரைட்ஸ்’ மனப்பாடம்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்.

இந்த முறையைக் குறை சொல்வது எளிது. ஆனால் நெரிசலான வார்டில், தூக்கம் கண்ணைச் சுழற்றும் இரவு டியூட்டியில், கைப்பழக்கம்தான் காப்பாற்றும். இன்சுலினையே பாருங்கள். நம்மூரில் வயலில் வருவது பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். சிரிஞ்சிலும் அதே இரண்டு வகை. 40 யூனிட் வயலிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 4 யூனிட்தான். மாற்றி எடுத்தால் 25 யூனிட் ஏறிவிடும். சர்க்கரை தாழ்ந்து ஆளே மயங்கிவிடலாம். வயலையும் சிரிஞ்சையும் ஒருசேரக் கண்ணால் பார்க்கும் பழக்கம் போதும், இந்த ஆபத்து நீங்கிவிடும்.

ஆனால் அந்த ஐந்து சரிகளும் ஊசி ஏறியதோடு முடிந்துவிடுகின்றன. மருந்து வேலையைத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர் போன்ற ஊர்களில் முந்திரித் தோப்பும் பூச்சிமருந்தும் பிரிக்க முடியாதவை. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தைக் குடித்துவிட்ட ஒருவரைத் தூக்கிவந்தால் அவசரமாகத் தேவைப்படுவது அட்ரோபின். ஆம்பியூல் ஒன்றில் 0.6 மி.கி. இதயத்துடிப்பு குறைந்தால் கொடுக்க அதுவே வழக்கமான அளவு என்று டிரக் ஃபைல் சொல்லும். இங்கோ 3 ஆம்பியூலில் தொடங்கி, பலன் தெரியாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்க வேண்டும். 3, 6, 12 என்று பத்தாவது நிமிடத்தில் 21 ஆம்பியூல் உடைந்திருக்கும். டோஸை மட்டும் உருப்போட்டவளுக்குக் கை நடுங்கும். விஷத்தால் பெருகிய அசிட்டைல்கோலின் ஏற்பிகளை நிறைத்திருக்கிறது, அட்ரோபின் அதோடு போட்டிபோட்டு அந்த இடங்களைப் பிடிக்கிறது என்று புரிந்தவளுக்கு இந்த அளவு நியாயமாகப் படும். எங்கே நிறுத்துவது என்பதும் அந்தப் புரிதலில்தான் இருக்கிறது. கண்மணி விரிந்ததை மட்டும் நம்பி நிறுத்தக்கூடாது. நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டால் சளிச்சத்தம் அடங்கியிருக்க வேண்டும், அக்குள் உலர்ந்திருக்க வேண்டும். நோயாளி பிதற்றத் தொடங்கி, உடல் கொதித்து, வயிற்றில் குடலோசை நின்றுவிட்டால் மருந்து மிஞ்சிவிட்டது. உத்தரவு மருத்துவருடையது என்றாலும், விடிய விடியக் கட்டிலருகே இருந்து இதையெல்லாம் பார்ப்பவர் செவிலியர்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டம் மூன்றாம் செமஸ்டரில் 20 மணி, நான்காம் செமஸ்டரில் 60 மணி என மருந்தியலுக்கு ஒதுக்கியிருக்கிறது. மருந்துச்சீட்டு எழுதுவதன் அடிப்படைகளையும் சேர்த்திருப்பது நல்ல முன்னேற்றம். ஆனால் அத்தனையும் வகுப்பறை மணிகள். ‘அரை ஆயுள்’ என்றால் என்ன என்று கேட்டால் மாணவி தடையில்லாமல் எழுதிவிடுவாள். இதய மருந்தான டிகாக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒன்றரை நாளுக்கு மேலாகும். நாடி 60க்குக் கீழே இறங்கியதால் இன்றைய மாத்திரையை நிறுத்தினாலும் நாளையும் அவரைக் கண்காணிக்க வேண்டும் என்பதை நோயாளியின் பக்கத்தில் நிறுத்தித்தான் சொல்லித்தர முடியும். ஃபைலில் இன்னொரு கட்டம் சேர்த்தாலே பாதி வேலை முடியும்: எத்தனை மணிக்கு எதைப் பார்க்க வேண்டும், பார்த்தது என்ன.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. துணை சுகாதார நிலையத்தில் பக்கத்தில் டாக்டர் இல்லாமல் இருக்கும் செவிலியரிடம், அட்டெனலாலும் சர்க்கரை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும் பெரியவர் ஒருவர் வரக்கூடும். சர்க்கரை தாழ்ந்தால் வரவேண்டிய படபடப்பை அட்டெனலால் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்க்கிறது என்று அவர் சொன்னதும் வெயிலின் மேல் பழிபோடாமல் குளுக்கோமீட்டரை எடுக்கிறாரா அந்தச் செவிலியர் என்பதை எந்தத் தேர்வுத்தாளும் இன்னும் கேட்பதில்லை.