எந்த நாள் வாசிப்பு?

'பிளாக் அண்ட் டான் ஃபேன்டஸி' என்னிடம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், டியூக் எல்லிங்டன் இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர்கள் வாயில் முதலில் வரும் கேள்வி, "எது?" என்பதுதான். 1927ஆம் ஆண்டு ஒன்றிலேயே எல்லிங்டன் குழு அந்த உருப்படியை மூன்று கம்பெனிகளுக்கு வாசித்திருக்கிறது: ஏப்ரலில் பிரன்ஸ்விக், அக்டோபரில் விக்டர், நவம்பர் தொடக்கத்தில் ஓகே. முதல் இரண்டிலும் டிரம்பெட் பப்பர் மைலி. எல்லிங்டனோடு சேர்ந்து அதை அமைத்தவரும் அவரே. ஓகே தட்டில் மைலி இல்லை. ஜாபோ ஸ்மித் வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். மெட்டு அதேதான். கடைசியில் ஷோப்பானின் சாவு ஊர்வல இசை எட்டிப்பார்க்கும் குறும்பும் அதேதான். ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் மூன்றாவதில் வேறு ஆள் பேசுவது உடனே தெரிந்துவிடும்.

சபாக்களில் உட்கார்ந்து பழகிய நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. ஒரே கிருதியை ஒரே வித்வான் எந்தெந்தக் கச்சேரியில் எப்படிப் பாடினார் என்று ஒலிநாடா தேடி அலைபவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஜாஸ் சேகரிப்பும் அந்தப் பைத்தியத்தின் ஒரு கிளைதான். எல்லிங்டன் தட்டுகளில் அது சற்று முற்றிய கிளை. காரணம், அவருடைய வழக்கம். 1899இல் வாஷிங்டனில் பிறந்து 1974இல் நியூயார்க்கில் இறந்தவர் அவர். முதல் தட்டு 1924இல் வந்தது. அதிலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு குழுவைக் கலைக்காமல் நடத்தினார். பியானோ வாசித்தார் என்றாலும் அவருடைய வாத்தியம் அந்தக் குழுவேதான். 'இரண்டாவது டிரம்பெட்' என்று பொதுவாக ஒரு தாளில் எழுதித் தருகிறவர் அல்லர். கூட்டி வில்லியம்ஸுக்கு, ஜானி ஹாட்ஜஸுக்கு, ஹாரி கார்னிக்கு என்று ஆளைப் பார்த்து எழுதுவார். ஆள் மாறினால் உருப்படியே மாறும். ஆகையால் இங்கே தட்டின் பெயரைவிடத் தேதிக்கு மதிப்பு அதிகம்.

அந்தக் குழுவுக்குள்ளேயே பல பாணிகள் குடியிருந்தன. மூத்தது 'ஜங்கிள்' பாணி. 1927 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லமில் இருந்த காட்டன் கிளப்பில் எல்லிங்டன் குழு அமர்ந்தது. மேடையில் கறுப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் என்ற ஏற்பாட்டில் நடந்த இடம் அது. ஆப்பிரிக்கக் காடு என்று வெள்ளையர் கற்பனை செய்துகொண்டதைப் பின்னணியாக வைத்து ஆட்டங்கள் நடக்கும். பெயர் அப்படி வந்தது. பெயரில் இருக்கும் அவமதிப்பு இசையில் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டால் குத்தி எடுப்பார்களே, அந்த ரப்பர் குவளையை டிரம்பெட்டின் வாய்க்கு முன்னால் திறந்து மூடி, உள்ளே ஒரு சிறு அடைப்பானும் செருகி, தொண்டையிலும் உறுமிக்கொண்டே ஊதுவார் மைலி. டிராம்போனில் ஜோ நான்டன் அதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். அவர் வாத்தியம் 'யா, யா' என்று ஆள் பேசுவதுபோலவே பேசும். 1929இல் மைலியின் இடத்துக்கு வந்த கூட்டி வில்லியம்ஸ், நான்டனின் உறுமலைக் கேட்டு முதலில் சிரித்தாராம். தன்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான் என்பது பிறகுதான் உறைத்திருக்கிறது. உட்கார்த்தி வைத்து யாரும் பாடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டே கற்றார். குருகுலவாசம் என்றால் வேறென்ன?

ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸபோன் வேறு வழி. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் வழுக்கிப் போகும் விதம் கமகத்தில் ஊறிய காதுக்கு உடனே பிடித்துப்போகும். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த பார்னி பிகார்டின் கிளாரினெட், போர்ட்டோ ரிகோவிலிருந்து வந்த ஹுவான் டிசோலின் வால்வு டிராம்போன் என்று மற்றவையும் உண்டு. இவை எல்லாம் எப்படி ஒன்றாகப் பொருந்தின என்பதற்கு 1930இல் பதிவான 'மூட் இண்டிகோ' ஒன்று போதும். வழக்கமாகக் கிளாரினெட் மேலே ஒலிக்கும், டிராம்போன் அடியில் இருக்கும். எல்லிங்டன் இதைத் தலைகீழாக்கினார். வாயடைத்த டிரம்பெட் மேலே, அதை ஒட்டியே வாயடைத்த டிராம்போன், இரண்டுக்கும் வெகு கீழே மந்திரத்தில் கிளாரினெட். மூன்றும் சேரும்போது, அங்கே இல்லாத நான்காவது வாத்தியம் ஒன்று முனகுவதுபோல் இருக்கும்.

அதே 'மூட் இண்டிகோ'வைத் தேடிப் போனால் இன்னொரு சிக்கல். ஓகே தட்டில் குழுவின் பெயர் 'ஹார்லம் ஃபுட்வார்மர்ஸ்'. பிரன்ஸ்விக்கில் 'ஜங்கிள் பேண்டு'. விக்டரில்தான் எல்லிங்டன் சொந்தப் பெயரில் வருகிறார். முதலில் உருப்படிக்கே 'ட்ரீமி புளூஸ்' என்ற பெயர் இருந்தது. மேனேஜர் இர்விங் மில்ஸ் கெட்டிக்காரர். பெயரை மாற்றி மாற்றி ஒரே குழுவைப் பல கம்பெனிகளுக்கு விற்றார். 'ஊப்பி மேக்கர்ஸ்', 'டென் பிளாக் பெரீஸ்' எல்லாம் இவர்கள்தான். லேபிளை நம்பாமல் காதை நம்பி, "இது மைலி, இது கார்னி" என்று பிரித்தெடுத்தவர்கள் சேகரிப்பாளர்கள். அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்ததிலிருந்துதான் பதிவுப் பட்டியல் என்ற கலையே வளர்ந்தது. பாரிஸில் சார்ல்ஸ் தெலோனே 1936இல் ஜாஸுக்கு அப்படி ஒரு பட்டியல் புத்தகம் போட்டார். எல்லிங்டனுக்கு மட்டும் தனியாக ஒன்றை ஸ்வீடனைச் சேர்ந்த பென்னி ஆஸ்லண்ட் 1954இல் கொண்டுவந்தார். அமெரிக்கா விழித்துக்கொள்வதற்கு முன்னால் ஐரோப்பியர்கள் செய்த வேலை இது.

சேகரிப்பாளர்களிலும் பாணிகள் உண்டு. முதல் அச்சுத் தட்டுதான் தட்டு என்பவர்கள் ஒரு கட்சி. லேபிளின் நிறம், எழுத்தின் வடிவம் இவற்றையெல்லாம் பார்த்து எந்த ஆண்டு அச்சு என்று சொல்லிவிடுவார்கள். இவர்களில் சிலர் தட்டைச் சுழலவே விடுவதில்லை. அவர்களைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. எடுப்பு எண்ணுக்காக உயிரை விடுபவர்கள் இன்னொரு கட்சி. அந்தக் காலத்தில் ஒரே உருப்படியை ஸ்டூடியோவில் இரண்டு மூன்று முறை வாசிக்கச் சொல்லி மெழுகில் வெட்டி, ஒன்றை வெளியிடுவார்கள். ஒவ்வொரு வாசிப்பும் ஓர் எடுப்பு, அதற்கு ஓர் எண். சில சமயம் தவறியோ தேவைக்கோ இரண்டும் கடைக்கு வந்துவிடும். 1940 வாக்கில் வந்த விக்டர் தட்டை மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால், வாசிப்பு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் உள்ள வெற்றுப் பகுதியில், கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்கும் பக்கம், அந்த எண் தெரியும்.

இந்த எண் பைத்தியத்தைக் கேலி செய்தவர்கள் 1980களில் வாயடைத்துப் போனார்கள். 1932 பிப்ரவரியில் எல்லிங்டன் விக்டருக்காகச் சில பாடல்களை ஒன்றாகத் தொடுத்து நீண்ட தட்டுகளில் வாசித்தார். அவற்றில் ஒரே வாசிப்பின் வெவ்வேறு எண் கொண்ட தட்டுகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இருவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவை வெவ்வேறு எடுப்புகளே அல்ல, ஒரே நேரத்தில் இரண்டு மைக்குகள் வழியாக இரண்டு இயந்திரங்கள் வெட்டியவை என்று தெரிந்தது. இரண்டையும் நூலிழை பிசகாமல் இணைத்து ஓடவிட்டார்கள். ஸ்டீரியோ என்ற சொல்லே கடைக்கு வராத காலத்து எல்லிங்டன் குழு, ஸ்டீரியோவில் இடமும் வலமுமாக எழுந்து நின்றது. ஐம்பது ஆண்டாக இரண்டு அலமாரிகளில் பிரிந்து கிடந்த ஒலி!

மூன்றாவது கட்சி காதுக் கட்சி. ஒலி நன்றாக இருந்தால் மறுபதிப்பே போதும் என்பார்கள். நான் இந்தக் கட்சி. விக்டர் பதிவுகள் முழுவதும் 1999இல் 24 குறுந்தகடுகளாக வந்துவிட்டன. எல்லிங்டன் நூற்றாண்டு அது. ஆனாலும் கையில் உள்ள நான்கைந்து பழைய 78 தட்டுகளை விட மனமில்லை. அவற்றின் அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்து போனது என்பது ஒரு சிறு பெருமை. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து சுருங்கியது. 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கைக் கடுமையாக வெட்டியதும், பழைய தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி உடைத்து அரைத்துப் புதியவற்றில் கலந்தார்கள். போர்க்காலத் தட்டுகளில் ஊசி மணலில் நடப்பதுபோல் இரைவது அதனால்தான். எத்தனை மைலி, எத்தனை நான்டன் அந்த அரவையில் போனார்களோ!

தரம் பார்ப்பது தனி வித்தை. விற்பவர்கள் 'ஈ', 'வி', 'ஜி' என்று எழுத்து போட்டு, கூட்டல் கழித்தல் குறியும் சேர்ப்பார்கள். ஒருமுறை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் 'ஈ பிளஸ்' என்று அனுப்பிய தட்டு கண்ணாடிபோல் பளபளத்தது. விளக்கொளியில் திருப்பிப் பார்த்தால் டிராம்போன்கள் ஓங்கி ஒலிக்கும் இடங்களில் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. ஓர் இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது அந்தக் கால விதி. யாரோ ஒரே ஊசியை மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். கீறலை மன்னிக்கலாம், டிக் டிக் என்றுவிட்டுப் போய்விடும். இந்தச் சாம்பல் தேய்மானத்துக்கு மருந்து இல்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்: எல்.பி. தட்டுக்கான ஊசியை 78இல் வைக்காதீர்கள், பள்ளத்தின் அகலமே வேறு. துடைக்கும் திரவத்தில் ஆல்கஹால் சொட்டுக்கூட இருக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களிடம் ஒரே பதில்தான் சொல்வேன்: விக்டர் 26577, 'கோ-கோ'. 1940 மார்ச் 6, சிகாகோ. கார்னியின் பாரிட்டோன் சாக்ஸபோன் அடியில் ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேலே டிராம்போன்கள் அதை முட்டுகின்றன. பன்னிரண்டு அளவு புளூஸ், ஏழு சுற்று. டிசோல் கேட்க, சாக்ஸபோன்கள் பதில் சொல்கின்றன. பிறகு நான்டன் வந்து உறுமுகிறார். குழு முழுவதும் சட்டென்று நிற்க, ஜிம்மி பிளான்டனின் பேஸ் மட்டும் நடந்து போகிறது. மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிளான்டன் 1939இல் சேர்ந்தவர். 1942இல் காசநோயில் இறந்தபோது வயது 23. கூட்டி வில்லியம்ஸ் 1940 நவம்பரில் பென்னி குட்மன் குழுவுக்குப் போய்விட்டார். ஆக, அந்தப் பெரிய குழு அப்படியே கூடி வாசித்தது ஏறக்குறைய ஓர் ஆண்டுதான். கூட்டி போன சில நாளில், நவம்பர் 7 இரவு, வட டகோட்டாவின் ஃபார்கோ நகரில் நடந்த ஒரு நடன நிகழ்ச்சியை ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கையோடு கொண்டுபோன இயந்திரத்தில் தட்டுகளாக வெட்டிக்கொண்டார்கள். புதியவரான ரே நான்ஸ் எல்லிங்டனோடு வாசித்த முதல் இரவுகளில் ஒன்று அது. ஸ்டூடியோவின் மூன்று நிமிடக் கெடுபிடி இல்லாமல் குழு மூச்சுவிடுவதை அதில் கேட்கலாம். 1978இல்தான் முறையாக வெளிவந்தது.

எல்.பி. தட்டுகள் வந்த பிறகு எல்லிங்டனுக்குப் பெரும் பேர் வாங்கித் தந்தது 1956 நியூபோர்ட் விழாப் பதிவு. குழுவின் சாக்ஸபோன்காரர் பால் கொன்சால்வெஸ் 27 சுற்று விடாமல் வாசித்த இரவு. ஆனால் கொலம்பியா வெளியிட்ட எல்.பி.யில் கணிசமான பகுதி பிறகு ஸ்டூடியோவில் வாசித்து, கைத்தட்டலை ஒட்டிச் சேர்த்தது. கொன்சால்வெஸ் அன்று கம்பெனியின் மைக்கை விட்டுவிட்டு 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். வானொலி நாடா கிடைத்து, உண்மைக் கச்சேரி 1999இல் வந்தது. முப்பது நாற்பது ஆண்டு அந்த எல்.பி.யைப் போற்றியவர்களை ஏமாளிகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் இனி வாங்குகிறவர் 1999 பதிப்பைத்தான் வாங்க வேண்டும்.

1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை எல்லிங்டன் குழுவை டமாஸ்கஸில் தொடங்கி ஒரு நீண்ட சுற்றுக்கு அனுப்பியது. தில்லி, ஹைதராபாத், பெங்களூர், பம்பாய், கல்கத்தா, கொழும்பு ஆகியவற்றோடு மெட்ராஸும் அந்தப் பட்டியலில் உண்டு. நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதும் பயணம் பாதியில் நின்றது. அதன் நினைவாக எழுந்தது 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்'. 1966 டிசம்பரில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த அந்தத் தட்டில், தில்லி மைனா ஒன்றின் குரலை ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் திரும்பத் திரும்பச் சொல்லும். மெட்ராஸுக்கு அதில் ஓர் உருப்படி இல்லை என்ற சிறு வருத்தம் எனக்கு உண்டு.

அன்று மெட்ராஸில் எல்லிங்டனைக் கேட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களின் வீட்டில் இருக்கக்கூடும். பரணில் ஒரு நுழைவுச்சீட்டோ, நிகழ்ச்சி நிரலோ, மங்கிய புகைப்படமோ கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெரியவர்களிடம் கேட்டு, அதன் பின்புறம் தேதியைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.