மொட்டைமாடிக்கு வரும் கடற்காற்று

சென்னையின் கடலோர வீடுகளுக்கு வாசலிலேயே கிடைக்கும் கடற்காற்று, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்குப் பல கிலோமீட்டர் நிலத்தைக் கடந்து, பொழுது சாயும் வேளையில்தான் வந்து சேர்கிறது. வெயிலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் அதன்மேல் உள்ள காற்று இலேசாகி எழ, அந்த இடத்தை நிரப்ப வங்கக் கடலின் குளிர்ந்த காற்று உள்நோக்கி நகர்வதே கடற்காற்று எனப்படுகிறது. மே மாதத்து அக்கினி நட்சத்திர நாள்களில், அதாவது கத்திரி வெயில் காலத்தில், மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுத்து அதைத் தடுப்பதால், மெரினா குளிர்ந்த பின்னும் ஆவடி தகித்துக்கொண்டிருப்பதுண்டு. அந்தக் காத்திருப்பே அதன் வருகையைப் பேரின்பமாக்குகிறது. காய்ந்த வடகத்தை எடுத்துவைத்து, தண்ணீர் தெளித்த மொட்டைமாடியில் பாய் விரித்துக் குடும்பமே படுத்திருக்க, கொடியில் தொங்கும் துணி முதலில் அசைகிறது, பின்னர் தென்னங்கீற்று சலசலக்கிறது, அதன் பிறகே நெற்றி வியர்வையில் கடல் வந்து படுகிறது.