கருத்தரங்கும் காற்கூறும்

முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் இரண்டு கருத்தரங்குகளிற் கட்டுரை படித்திருத்தல் வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2016ஆம் ஆண்டு விதித்தது. 2022ஆம் ஆண்டு நெறிமுறையில் அக்கட்டாயம் இல்லை. ஆகலின், ஆய்வாளர் கருத்தரங்கிற்குச் செல்வது எதன்பொருட்டு என்னும் வினா இன்று நேரே எழுகின்றது.

இதற்குரிய விடை நன்னூற் பொதுப்பாயிரத்திலேயே உளது. ஆசான் உரைத்ததைக் குறைவறக் கேட்டவனுக்கும் புலமையிற் காற்கூறே கிட்டும்; உடன்பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு கால் சேரும்; எஞ்சிய அரையும் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைத்தலால் நிரம்பும் என்பது பவணந்தியார் கணக்கு. இக்கணக்கால் இற்றைக் கருத்தரங்குகளை அளந்தால், நிகழ்ச்சிநிரல் முழுவதும் முதற் காற்கூற்றிற்கே செலவாதல் காண்கின்றோம். ஓர் அமர்வில் எட்டுக் கட்டுரைகள் அடுக்கப்பெறுகின்றன. வினா எழுமுன் உணவுவேளை வந்துவிடுகின்றது. படித்தவர் சான்றிதழ் பெற்று மாலைப் பேருந்திற்கு விரைகின்றனர். கட்டுரைக் கோவையோ தொடக்க விழாவிலேயே வெளியிடப்பெறுகின்றது. அவையில் எழும் மறுப்பு அதனுட் புகுதற்கு வழி ஏது? மறுப்புக்கு இடமளியாத அச்சு, ஆய்வுக்கு ஊறு என்றே யாம் கருதுகின்றோம்.

இரண்டாங் காற்கூற்றின் ஆற்றலுக்குச் சான்று வேண்டுவோர் 1964 சனவரியைக் கருதுக. புதுதில்லியில் 26ஆம் அனைத்துலகக் கீழ்த்திசையியல் மாநாடு நிகழ்ந்த ஞான்று, அதற்கு வந்த தமிழாய்வாளர் தம்முட் கூடிப் பேசியதன் பயனாகவே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றிற்று. 1966இல் கோலாலம்பூரிலும் 1968இல் சென்னையிலும் 1970இல் பாரிசிலும் கூடிய மாநாடுகள் அதன் வழிவந்தன. ஆயின், அக்கூட்டம் தற்செயலாக விளைந்ததன்று. அதற்கு முன்னின்ற தனிநாயக அடிகளார், 1952இல் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழின் ஆசிரியர். பிறநாட்டறிஞர்தம் ஆய்வை அவ்விதழ்வழி அறிந்துவந்தவர். யாரொடு எதனைப் பேசல் வேண்டும் என்னும் தெளிவு அவர்க்கு முன்னரே இருந்தது.

எனவே, கருத்தரங்கிற்குப் புறப்படும் இளம் ஆய்வாளர், அங்கு வருவோருள் இருவர் நூல்களையேனும் கற்றுச் செல்க. தம் ஆய்வேட்டில் முடிச்சு அவிழாத ஓரிடத்தை, அது பாடவேறுபாடாயினும் உரைமாறுபாடாயினும், உடன்கொண்டு செல்க. மூத்தோரை அணுக நாணுதல் இயல்பே. அவர்தம் நூலில் ஒரு பக்கத்தைச் சுட்டி ஐயம் வினவின், பொன்னாடையினும் அதுவே அவர்க்கு உவப்பாகும்!

மீண்டபின், கேட்டவற்றுள் ஒரு கட்டுரையையேனும் துறை மாணவர்முன் எடுத்துரைத்தல் வேண்டும். விளங்கிற்று எனக் கருதியது விளங்காமையும், கட்டுரையாளர் காட்டிய சான்று முடிபைத் தாங்காமையும் அப்பொழுதே புலனாகும். இதற்கெனத் துறைகள் திங்கட்கு ஒரு பிற்பகலை ஒதுக்குதல் அரிதன்று. கோவையையும் அவை கலைந்து மூன்று திங்கள் கழித்து, வினாவிடைகளைச் சேர்த்து, திருத்திய வடிவில் அச்சிடுதலே முறை. விழா மேடையில் வெளியிடுதற்கு நூல் இல்லையே என அமைப்பாளர் வருந்துவராயின், வருந்துக.