மஞ்சப்பையும் 131 என்ற எண்ணும்

மயிலாப்பூர் மாட வீதிக்குக் காய்கறி வாங்கத் துணிப்பையுடன் செல்பவரா நீங்கள்? அப்படியானால், “துணிப்பையை 131 முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும்” என்று யாரேனும் உங்களிடம் வாதாடியிருக்கக்கூடும். தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. அந்த முயற்சி வீண்தானா? சற்று ஆராய்வோம்.

131 என்பது 2011-இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில் உள்ள எண். ஒரு பொருளின் மூலப்பொருள் முதல் அது குப்பையாகும் வரை ஏற்படும் பாதிப்புகளைக் கூட்டுவதற்கு ‘வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு’ என்று பெயர். பருத்தி விளைவிக்க நீரும் உரமும் மின்சாரமும் வேண்டும். ஆகவே பருத்திப்பையின் பங்கு பெரிது. இதில் தவறில்லை.

ஆனால் அதே ஆய்வில், பிளாஸ்டிக் பையைப் பின்னர் குப்பைத்தொட்டிக்குள் விரித்துப் பயன்படுத்துவதாகக் கொண்டால் 131 என்பது 327 ஆகிவிடுகிறது! பைகள் மாறவில்லை, அனுமானம்தான் மாறியது. மேலும், இவ்வெண்கள் புவி வெப்பமாதலை மட்டுமே குறிப்பவை. தெருவில் எறியப்படும் பைகளின் தீங்கு அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. தென்சென்னையின் குப்பையோ பல்லாண்டுகளாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியில் கொட்டப்பட்டது. வடிகாலை அடைக்கும் பையைக் கணக்கில் சேர்க்காத எண்ணை நம் ஊருக்கு அப்படியே பொருத்தலாமா?

இன்னொன்றும் உண்டு. இம்மதிப்பீட்டில் இரு அணுகுமுறைகள் உள்ளன. ஒன்று, ‘இந்தப் பையின் பங்கு எவ்வளவு?’ என்று கேட்பது. மற்றொன்று, ‘இந்த முடிவால் உலகில் என்ன மாறும்?’ என்று கேட்பது. கொள்கை வகுப்போருக்குத் தேவை இரண்டாவது கேள்வி. பழைய வேட்டியில் தைத்த பைக்காக எவரும் புதிதாகப் பருத்தி பயிரிடுவதில்லை. ஆனால் தியாகராய நகர்க் கடையொன்று ஒவ்வொரு முறையும் புதுத் துணிப்பை கொடுத்தால், பருத்தியின் தேவை கூடும். பைகள் வீட்டு அலமாரியில் குவியும். இரண்டும் துணிப்பைகளே, விடைகள் வேறு.

வாரம் ஒருமுறை பயன்படுத்தினால் 131-ஐ எட்ட இரண்டரை ஆண்டுகள் போதும். நல்ல பை அதற்கு மேலும் உழைக்கும். எனவே வாசகர்களே, அந்த எண்ணுக்கு அஞ்சி மஞ்சப்பையைக் கைவிட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கிறதே என்று இன்னொன்றை வாங்கவும் வேண்டாம்.