அழுகை நின்ற பிறகு

ஜூன் பிறந்தால் போதும், பொம்மிடியில் தெருவுக்குத் தெரு ஒரே வசனம்தான். ‘ரெண்டு நாள் அழுவான், மூணாம் நாள் தானா பழகிடுவான்.’ காலையில் சேலத்துக்கு ரயில் பிடிக்க ஓடும் அம்மாவிடம் மாமியார் இதைச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். ஃபீஸ் வாங்கிக்கொண்டு ப்ளே ஸ்கூல் மிஸ்ஸும் சொல்வார். கூடவே இலவச இணைப்பாக ஒரு யோசனை: ‘அவன் பொம்மை வெச்சு விளையாடும்போது சத்தம் போடாம நழுவிடுங்க.’

இந்த வசனத்தைப் பொய்யாக்கும் இரண்டு படங்கள் உண்டு. அரை நூற்றாண்டுப் பழசு. கறுப்பு வெள்ளை. நடிகர் கிடையாது, பாட்டு கிடையாது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற தம்பதி எடுத்தவை.

முதல் படத்தின் நாயகன் ஜான். வயது பதினேழு மாதம். அம்மா அடுத்த பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக, அவனை ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறார்கள். 1969-ல் வெளிவந்த படம். வில்லன் யாரும் இல்லை. அங்கிருக்கும் இளம் நர்ஸ்கள் நல்ல பெண்கள்தான். ஆனால் ‘இவன் என் பொறுப்பு’ என்று அவனுக்கென்று ஒருவர் இல்லை. யாருக்கு அன்றைக்கு எந்த வேலையோ, அந்த வேலையை மட்டும் செய்கிறார்கள். ஜான் ஒவ்வொருவரிடமும் போய் நிற்கிறான். ஒரு மடி கிடைக்கிறது; கொஞ்ச நேரத்தில் அது வேறு குழந்தைக்குப் போய்விடுகிறது. கடைசியில் தன்னைவிடப் பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கொள்கிறான். சாப்பாட்டை ஒதுக்குகிறான். தரையில் சுருண்டு படுக்கிறான். ஒன்பதாம் நாள் அம்மா வந்து கையை நீட்டும்போது கதறுகிறான், ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்க்கிறான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நம்மூர்ப் படமாக இருந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வைத்து, பின்னணியில் வயலினை அழவிட்டிருப்பார்கள். ராபர்ட்சன் அந்த முகத்தை அப்படியே விட்டுவிடுகிறார்.

இரண்டாவது படத்தில் ஜேன். அவளுக்கும் பதினேழே மாதம். காரணமும் அதே, அம்மாவின் பிரசவம். பத்து நாள். ஆனால் இவளை ராபர்ட்சன் தம்பதி தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பே பல தடவை போய் வந்து பழக்கம் செய்துகொள்கிறார்கள். எதைச் சாப்பிடுவாள், எப்படித் தூங்குவாள் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அவளுடைய சொந்தச் சாமான்கள் கூடவே வருகின்றன. அம்மாவின் பேச்சை மறைக்காமல் எடுக்கிறார்கள். ஜேனுக்கும் ஏக்கம் இருக்கிறது. அழுகிறாள், அடம் பிடிக்கிறாள். ஆனால் உடைந்துபோகவில்லை. அம்மா வந்ததும் அம்மாவிடம் போகிறாள்.

பி.காம். படித்த புத்திக்கு இரண்டு பேரேடுகளைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது போல இருக்கிறது. வயது ஒன்று, நாள் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் தயாரிப்பிலும், ஒரே ஆள் பொறுப்பேற்றதிலும் இருக்கிறது.

ராபர்ட்சன் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஆஸ்பத்திரியில் எட்டு நாள் தனியாக இருந்த லாரா என்ற இரண்டு வயதுப் பெண்ணை 1952-லேயே படம் எடுத்தார். முதலில் தவித்த குழந்தை, பிறகு அமைதியாகிவிடும். ‘பார், செட்டில் ஆயிடுச்சு’ என்று அந்தக் காலத்து டாக்டர்கள் சொல்வதற்கு, ‘அது பழக்கம் இல்லை, நம்பிக்கை விட்டுப்போனது’ என்பது அவர் பதில். லண்டனில் படத்தைப் பார்த்த டாக்டர்கள் கொதித்தார்கள். ஆனால் 1959-ல் பிளாட் கமிட்டி, பெற்றோர் குழந்தையைத் தாராளமாக வந்து பார்க்க விடுங்கள் என்று பரிந்துரைத்தது.

குறை இல்லாமல் இல்லை. ஜான் இரவு பகலாக ஒன்பது நாள் இருந்தான். நம் பிள்ளை சாயங்காலம் வீடு திரும்பிவிடும். அதனால் இந்தப் படத்தைக் காட்டி வேலைக்குப் போகும் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அயோக்கியத்தனம். பெண்களை வீட்டுக்கு அனுப்பக் காத்திருக்கிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. இன்னொன்று, படத்தில் அம்மா அப்பாவை விட்டால் நெருக்கமான சொந்தம் யாரும் கண்ணில் படுவதில்லை. பாட்டி, அத்தை, எதிர்வீட்டுத் தாத்தா என்று நாலு இடுப்பு மாறி வளரும் குழந்தையை ராபர்ட்சன் பார்த்திருந்தால் இன்னும் ஒரு படம் எடுத்திருப்பார்.

ஆனால் படத்தின் கேள்வி நம் ஊருக்கும் பொருந்தும்: ‘என் குழந்தைக்கு அங்கே யார்?’ இதில் நாம் மட்டமாக நினைக்கும் பால்வாடிக்கு ஒரு பலம் உண்டு. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடி அது. பல ஊர்களில் அதே டீச்சர், அதே ஆயா வருஷக் கணக்கில் இருப்பார்கள். அம்மாவின் கல்யாணத்துக்கே மொய் வைத்தவராகக்கூட இருப்பார். வருஷத்துக்கு மூன்று மிஸ் மாறும் ஏ.சி. ப்ளே ஸ்கூலில் காசு கொடுத்தாலும் இது கிடைக்காது. பலவீனமும் தெரிந்ததுதான். ஒருவர் கையில் இத்தனை குழந்தைகள், எடை பார்ப்பது, பதிவேடு, செல்போனில் பதிவேற்றம். ஒரே ஆள் இரண்டு மையம் பார்க்கும் ஊர்களும் உண்டு. போதாததற்குப் பிற்பகலோடு கதவு மூடிவிடும். சாயங்காலம் ரயில் இறங்கும் அம்மாவுக்கு அது உதவாது. அரசாங்கம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதுவரை ஜேன் வீட்டார் செய்ததை நாமும் செய்யலாம். சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே குழந்தையோடு போய் அரை மணி நேரம் அங்கே உட்காருங்கள். ஆயாவின் பெயரை வீட்டில் சொல்லிப் பழக்குங்கள். ‘சேட்டை பண்ணா பால்வாடியில விட்டுடுவேன்’ என்று அந்த இடத்தையே பூச்சாண்டி ஆக்காதீர்கள். பழைய புடவைத் துண்டைப் பிடித்துத் தூங்கும் பிள்ளையென்றால் அதுவும் பையில் போகட்டும். அழுக்கு என்று மிஸ் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நழுவாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள். சாயங்காலம் ‘அழுதானா?’ என்று மட்டும் கேட்காமல், ‘யாரிடம் போனான்?’ என்று கேளுங்கள்.

‘ஆறு மணிக்கு வருவேன்’ என்றால் இரண்டு வயசுக்குப் புரியாது. ‘நீ சோறு சாப்ட்டு, தூங்கி எழுந்து, விளையாடிட்டு இருப்பே, அம்மா வந்துடுவேன்’ என்றால் புரியும். ரயில் லேட்டானால் பாட்டி வருவாரா, சித்தப்பா வருவாரா என்பதையும் காலையிலேயே சொல்லிவிடுங்கள், குழந்தையிடமும் ஆயாவிடமும்.