நந்தனத்தில் கடைசி வரிசை

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் ரிட்டயர்டு நண்பர் ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: ‘இப்பல்லாம் தமிழ்ல யார் சார் கதை எழுதறா? ஜானகிராமனோட சரி, போச்சு!’

மயிலாப்பூரில் இந்தக் கேள்வி நிரந்தரம். பெயர் மட்டும் மாறும். ஜானகிராமன் எழுதிக்கொண்டிருந்தபோது இதே பெஞ்சில் யாராவது ‘கல்கியோட சரி’ என்று சொல்லியிருப்பார்கள்.

நண்பர் மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. 1966-ல் ‘அம்மா வந்தாள்’ நாவலைப் புத்தகமாகப் போட்டது, தி.நகரில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம். அவர் தீரர் சத்தியமூர்த்தியின் மகள். ‘பள்ளிகொண்டபுரம்’ வந்ததும் அங்கேதான், 1970-ல். பத்தே ஆண்டுகள் ஓடிய சின்னப் பதிப்பகம். இன்றைக்கு நாம் கிளாசிக் என்று சொல்லிக்கொள்ளும் பலவும் அந்த நாளில் இப்படி ஓரிருவர் கைக்காசில் அச்சேறியவைதான். அப்போதும் பெரும்பாலானவர்கள் வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனவே, இந்த வாரம் நண்பருக்காகவும் உங்களுக்காகவும் ஒரு சிபாரிசுப் பட்டியல். எல்லாமே சிறிய, சுதந்திரப் பதிப்பகங்களைச் சுற்றி வந்தவை. பரிசு வாங்கியவையும் உண்டு, தடை வாங்கியவையும் உண்டு.

முதலில் அறிவியல் புனைகதை. நாலு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. பெரிசிலிருந்து சிறிசாக ஒரு தடவை, சிறிசிலிருந்து பெரிசாக ஒரு தடவை எழுதிக் கழியுங்கள். வந்த விடையை மறுபடி அதே மாதிரி. உதாரணமாக 2012. 2210-லிருந்து 0122 போனால் 2088. அதில் 8820 கழித்தல் 0288 என்றால் 8532. அதில் 8532 கழித்தல் 2358 என்றால் 6174. இதற்கு மேல் எத்தனை தடவை செய்தாலும் 6174-ஐ விட்டு நகராது. எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் அதிகபட்சம் ஏழு படியில் இங்கே வந்து மாட்டிக்கொள்ளும். கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கப்ரேக்கர். 1949-ல் அவர் இதை அறிவித்தது நம் மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில். இதற்காக ஊரில் யாரும் அவருக்கு சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

இந்த எண்ணைத் தலைப்பாக வைத்து சுதாகர் கஸ்தூரி எழுதிய ‘6174’ நாவலை, திருவண்ணாமலை வம்சி புக்ஸ் வெளியிட்டது 2012-ல். (மேலே நான் 2012-ஐ எடுத்துக்கொண்டது தற்செயல் இல்லை.) லெமூரியா, படிகங்கள், பழைய பாட்டுக்குள் ஒளிந்த புதிர்கள், கோலம், கணக்கு எல்லாம் சேர்ந்து ஓடுகிற த்ரில்லர். பாத்திரங்கள் சில இடங்களில் பேசுவதை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துகிறார்கள். லெமூரியா என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜியும் உண்டு. இருந்தாலும் படித்து முடித்த பிறகு, பேப்பர் பென்சில் எடுத்து உட்கார வைத்த தமிழ் நாவல் வேறு எது? அதற்காகவே வாங்கலாம்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இப்படி ஒரு கதை மாத நாவலாகத்தான் வந்திருக்கும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா எல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் க்ளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இலக்கியம் வேறு தெருவில் குடியிருந்தது. இரண்டு தெருவுக்கும் போக்குவரத்து கிடையாது. அந்தப் பாக்கெட் நாவல்களில் சிலதைத் தேடிப் பிடித்து, 2008-ல் ஆங்கிலத்தில் தொகுதியாகக் கொண்டுவந்தது சென்னையிலிருந்த ப்ளாஃப்ட் என்கிற குட்டிப் பதிப்பகம். மொழிபெயர்த்தவர் ப்ரீதம் சக்ரவர்த்தி. நாம் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டதை அவர்கள் கெட்டி அட்டைக்குள் வைக்காத குறை. வகை எழுத்து என்றால் மட்டம் என்கிற எண்ணம் மெள்ளக் கரைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது சரித்திரம். சரித்திர நாவல் என்றதும் குதிரைக் குளம்பொலியை எதிர்பார்ப்பவர்கள் இரா.முத்துநாகுவின் ‘சுளுந்தீ’ பக்கம் போக வேண்டாம். கன்னிவாடிப் பாளையத்தில், நாயக்கர் காலத்தில் நடக்கிறது. கதாநாயகர்கள் ராஜா இல்லை, தளபதி இல்லை. நாவிதர்கள். சவரம் மட்டும் செய்தவர்களா அவர்கள்? ரண வைத்தியம் பார்த்தார்கள், மருந்து அரைத்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். அந்த அறிவு முழுக்க எப்படி அவர்கள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது, குலநீக்கம் என்கிற தண்டனை ஓர் ஆளை எப்படி உயிரோடு புதைத்தது என்பதுதான் கதை. மூலிகை, பாஷாணம், வெடியுப்பு என்று தகவல் கொட்டுகிறது. சில அத்தியாயங்களில் நாவலா, வைத்தியச் சுவடியா என்று சந்தேகம் வரும். எடிட்டர் ஒருவர் கத்திரியோடு உட்கார்ந்திருந்தால் நூறு பக்கம் குறைந்திருக்கும். ஆனால், அடுத்த தடவை சலூனில் நாற்காலியில் உட்காரும்போது கண்ணாடியில் தெரியும் மனிதரை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். அது சின்ன விஷயமில்லை.

பழைய மகாபலிபுரம் ரோட்டில் தினம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் கழிப்பவர்களுக்கு கார்த்திக் பாலசுப்ரமணியனின் ‘நட்சத்திரவாசிகள்’. காலச்சுவடு, 2019. யுவ புரஸ்கார் 2021-ல் கிடைத்தது. சாஃப்ட்வேர்காரர்கள் என்றால் நம் கதைகளில் ஒன்று அமெரிக்கா போவார்கள் அல்லது அப்பா அம்மாவை முதியோர் இல்லத்தில் விடுவார்கள். இதில் அவர்கள் வேலை பார்க்கிறார்கள். அப்ரைசல், ஆள் குறைப்பு, ராத்திரி கால், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் கணம். அடையாறிலும் தி.நகரிலும் வீட்டுக்கு ஒருவர் இந்த வேலையில் இருந்தும் இத்தனை காலம் யாரும் உள்ளே போய் எழுதவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இனி, கொஞ்சம் தைரியம் வேண்டியவை.

ம.நவீன் மலேசியாக்காரர். ‘பேய்ச்சி’ 2019-ல் வந்தது. தோட்டக்காட்டுத் தமிழர்கள், குலதெய்வமாகக் கூடவே கப்பலேறி வந்த பேய்ச்சி, ஓலம்மா என்கிற மறக்க முடியாத பெண், 1981-ல் லூனாஸில் விஷச் சாராயம் குடித்து ஜனங்கள் செத்த நிஜ சம்பவம். திகில் கதை மாதிரி ஆரம்பித்து வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சகம் இதைத் தடை செய்தது. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்று காரணம். கோபம் வந்தால் தோட்டத்தில் ஜனங்கள் என்ன வார்த்தை பேசுவார்களோ அதைத்தான் இவர் எழுதியிருக்கிறார். நம் ஊரும் ரொம்ப யோக்கியமில்லை. ‘மாதொருபாகன்’ பிரச்னையில் 2015-ல் பெருமாள்முருகன் பேனாவையே கீழே வைத்தார். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம்தான், பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடி வைக்கலாமே என்கிற தோரணையில் அவரை மறுபடி எழுதச் சொன்னது.

ஷோபாசக்தியை உங்களுக்கு நடிகராகத் தெரிந்திருக்கும். 2015-ல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய ‘தீபன்’ படத்தின் கதாநாயகர். அவருடைய ‘இச்சா’, கருப்புப் பிரதிகள் வெளியீடு. இலங்கைச் சிறையில் இருக்கும் ஒரு முன்னாள் பெண் போராளியின் கதை. அவர் பக்கமும் இல்லை, இவர் பக்கமும் இல்லை, சாப்பாட்டுக்கு முன்னால் படிக்க வேண்டாம். இடையிடையே சிரிப்பு வரும். வந்ததற்காக உங்கள் மேலேயே உங்களுக்குக் கோபம் வரும்.

கிடைப்பதில்தான் சிக்கல். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போகிறீர்கள். 1977-லிருந்து நடக்கிறது, கூட்டத்துக்குக் குறைச்சலில்லை. முதல் வரிசையில் ‘பொன்னியின் செல்வன்’, சமையல், சுயமுன்னேற்றம் என்று பை நிரம்பிவிடும். கால் வலிக்கும். கேன்டீனில் டெல்லி அப்பளம் கூப்பிடும். நான் சொன்ன சமாசாரமெல்லாம் கடைசி வரிசையில், ஒற்றை ஸ்டாலில், எழுத்தாளரே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கும். ஒரு காலத்தில் நாவல் என்றால் 1200 பிரதி அடிப்பது வழக்கம். இப்போது கேட்கக் கேட்க அச்சடிக்கும் முறை வந்தபின் நூறு, இருநூறு என்று போட்டுப் பார்க்கிறார்கள். அது தீர்ந்து, அடுத்து நாலு பேர் கேட்காவிட்டால் புத்தகம் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். கேட்டால்தான் மறுபடி மெஷின் ஓடும். தி.நகரில் புத்தகக் கடைக்குப் போய், இல்லை என்றால் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இத்தனை பருமன் பயமாக இருக்கிறதா? ராம் தங்கத்தின் ‘திருக்கார்த்தியல்’ சிறுகதைத் தொகுப்பில் ஆரம்பிக்கலாம். இதுவும் வம்சி. 2023-ல் யுவ புரஸ்கார். நாஞ்சில் நாட்டுத் தமிழ், ஹாஸ்டல் பையன்கள், பண்டிகை நாளில் கொழுக்கட்டைக்கு ஏங்குகிற வயிறு. ஜோடனை இல்லாத எழுத்து. சில கதைகள் சீக்கிரம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் தலைப்புக் கதை அப்படியில்லை. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி உட்கார்ந்து அதைத் திறந்தால் வேளச்சேரி வருவதற்குள் முடிந்துவிடும். ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காருங்கள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வசதியாக இருக்கும்.